வியாழன் நாலு மணிக்கு

கிட்டங்கி ஒழுங்கைக்கு யாழ்ப்பாணப் பட்டினத்தில் நல்ல பெயர் இல்லை. ஓட்டோக்காரர்கள் பெரிய வீதியிலேயே ஆட்களை இறக்கிவிட்டு, உள்ளே திருப்ப இடமில்லை என்பார்கள். திருப்ப இடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முகவரி எழுதச் சொன்னால் பிள்ளைகள் பக்கத்து வீதியின் பெயரை எழுதப் பழகியிருந்தார்கள். ஒழுங்கை வளையாமல் நேரே ஓடிக் கடலேரியில் முடியும். முடிகிற இடத்தில், ஒரு காலம் உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கியின் சுவர் ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தது போலக் கதிரொளி சனசமூக நிலையம்.

நிலையத்தின் செயலாளர் பியாட்றிஸ். வயது ஐம்பத்து நான்கு. ஒன்பது வருடமாக ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவள், "இந்த முறை வேறை ஆரும் எடுங்கோ" என்று சொல்வதும், கூட்டம் நிலத்தைப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. காலையில் கதவு திறந்து பேப்பர் போட வேண்டும். செத்தவீட்டுக்குக் கதிரையும் கிடாரமும் கொடுத்து, எட்டுச் சடங்கு முடிய எண்ணி எடுக்க வேண்டும். வதிவிடக் கடிதம் எழுத வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளில் போன் எடுத்துச் சண்டை பிடிக்க வேண்டும். பின்னேர வகுப்புக்குப் படிப்பிக்க ஆள் தேட வேண்டும். வந்தவர்கள் மூன்று மாதத்தில் ஒழுங்கையைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டு நின்றுவிடுவார்கள். பிறகும் தேட வேண்டும்.

அவள் இந்த ஒழுங்கையில் பிறந்தவள் அல்ல. பண்டத்தரிப்புப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுதுவினைஞராக இருந்தவரின் மகள். தொண்ணூறில் இடம்பெயர்ந்து பட்டினத்துக்கு வந்து, ஓட்டோ ஓடும் நீக்கிலாப்பிள்ளையைக் கட்டி, கத்தோலிக்கரும் சைவரும் கலந்திருந்த இந்த ஒழுங்கைக்குள் வந்து சேர்ந்தாள். சமாதான காலம் தொடங்கியபோது ஒழுங்கை முகப்பில் ஒரு கொமினிக்கேசன் போட்டாள். ஒரு பலகைக் கூண்டு, ஒரு ரெலிபோன், காத்திருக்க ஒரு வாங்கு. வெளிநாட்டு அழைப்பு வந்தால் சைக்கிளில் போய் வீட்டுக்காரரைக் கூட்டி வருவாள். கூண்டின் பலகை மெல்லியது. யாருடைய புருசன் அங்கே வேறு குடும்பம் வைத்திருக்கிறான், யாருடைய மகன் எந்த எல்லையில் பிடிபட்டான், எந்தத் தாய் பிள்ளைக்குப் பொய் சொல்லிச் சிரித்துவிட்டு வாங்கில் வந்திருந்து அழுதாள், எல்லாம் அவள் காதில் விழுந்தன. ஏழு வருடம் விழுந்தன. கைத்தொலைபேசி வந்து கூண்டைக் கழற்றி விறகாக்கியபோது, அதற்குள் சொல்லப்பட்டதில் ஒரு சொல்லும் வெளியே போயிருக்கவில்லை. நிலையத்தின் திறப்பை ஒழுங்கை அவளிடம் கொடுத்து வைத்திருப்பது அதனால்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நிலையத்துக்குக் கமரா வந்தது. வாசிகசாலையின் மின்விசிறியை யாரோ பட்டப்பகலில் கழற்றிக்கொண்டு போன பிறகு, பாரிசில் இருக்கும் எமில்ராஜ் பொறுப்பெடுத்தான். இந்த ஒழுங்கையில் பிறந்து இருபது வயதில் போனவன். வெளிநாட்டில் இருக்கும் ஒழுங்கைக்காரரை எல்லாம் வட்ஸ்அப் குழுவொன்றில் கட்டி வைத்திருப்பவன். வாசலில் ஒரு கமரா, மண்டபத்துக்குள் ஒரு கமரா. சத்தம் கேளாது, படம் மட்டும். அந்தப் படத்தை யார் பார்ப்பது என்பதில் பெரிய மனத்தாங்கல் வந்தது. பிரான்சுக்காரர் மட்டும் பார்த்தால் கனடாக்காரருக்குக் கோபம். கனடாவுக்குக் கொடுத்தால் லண்டன் முகத்தைத் திருப்பியது. கடைசியில் எமில்ராஜ் கடவுச்சொல்லைக் குழுவிலேயே போட்டுவிட்டான். ஐந்து நாடுகளில் நாற்பத்தேழு பேர்.

"ஒளிவு மறைவு வேண்டாம் அக்கா. எல்லாரும் எங்கடை ஆக்கள்தானே," என்றான்.

மழை தொடங்கினால் பியாட்றிஸ் யன்னல் சாத்த எழும்ப முதல் ரொறன்ரோவிலிருந்து போன் வரும். வாசலில் ஆடு கட்டினால், "உது ஆற்றை ஆடு?" என்று சூரிச் கேட்கும். நீக்கிலாப்பிள்ளை நிலையத்துக்கு வந்தால் முதலில் மேலே பார்த்துக் கும்பிடுவான்.

"பாரிசுக்கு வணக்கம். இஞ்சை பார் பியாட்றிஸ், நான் சேட்டுத் தெறியைப் பூட்டிப் போட்டுத்தான் வந்தனான். பிறகு உன்ரை மானம் அஞ்சு நாட்டிலை போகப்படாது."

கமரா வந்தபின் களவு நின்றது. மற்றது நிற்கவில்லை. கமராவின் கண்ணுக்கு நாலடி அப்பால் தள்ளிப்போய் அங்கே நடந்தது.

மற்றது என்பது போதைக் குளிசை. அதை ஒழுங்கைக்குள் கொண்டுவருபவன் றயன் என்பதும், அவனுக்கு மேலே வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவனும் ஒழுங்கைப் பிள்ளைதான். இருபத்தாறு வயது. குரலை உயர்த்தி அவன் கதைத்ததை ஒருவரும் கேட்டதில்லை. போன வருடம் அவனைப் பற்றிப் பொலிசில் சொல்லப்போவதாகச் சொன்ன ஒருவரின் வீட்டை, முகத்தைக் கட்டிய ஆறு பேர் வந்து வாளால் கொத்திவிட்டுப் போனார்கள். யன்னல் ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த நாள் விடிய, கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ள உதவிக்கு வந்தவன் றயன். "பாத்து அங்கிள், காலிலை குத்தும்," என்றானாம். அந்தக் குடும்பம் மாதம் முடிய முன்னமே வவுனியாவுக்குப் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, கிறிஸ்ரினா பியாட்றிசின் குசினி வாசலில் வந்து நின்றாள். நண்டு பதனிடும் இடத்தில் வேலை செய்பவள், புருசன் இல்லை, ஒரே மகள் ஜெனிற்றா, உயர்தரம் படிக்கிறாள்.

"அக்கா, பிள்ளை குளிசை போடுறாள்."

பியாட்றிஸ் அடுப்பைக் குறைத்தாள். "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கொப்பிக்குள்ளை எடுத்தனான். கேட்டா, சிரிக்கிறாள் அக்கா. அழுதாலும் பரவாயில்லை, சிரிக்கிறாள்."

"குடுக்கிறது ஆர்?"

கிறிஸ்ரினா பெயரைச் சொன்னாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

பிள்ளைகள் விசயம் பார்க்கும் உத்தியோகத்தர் ஆரணியைப் பியாட்றிசுக்குப் பழக்கம். கொக்குவிலில் இருந்து ஸ்கூட்டியில் வந்து போகும் பெண். ஆரணியின் அரச கந்தோருக்குக் கிறிஸ்ரினாவைக் கூட்டிப் போனால் அங்கே நாலு பேர் காண்பார்கள். ஆரணி அவள் வீட்டுக்குப் போனால் ஒழுங்கை முழுக்கக் காணும். நிலையம்தான் நல்லது என்று பியாட்றிஸ் தீர்மானித்தாள். நிலையத்துக்கு யாரும் எதற்கும் வரலாம். திங்கள் பின்னேரம் மூன்றரை மணி, ஆம்பிளைகள் கடலாலும் பொடியள் ரியூசனாலும் திரும்பாத நேரம். கிறிஸ்ரினா கையில் ஒரு வெறும் பையோடு, கடிதம் எடுக்க வருகிறவள் போல வந்தாள். பின் அறை முழுக்கக் கதிரை அடுக்கியிருந்ததால் இருவரையும் மண்டபத்துக்குள் இருத்திவிட்டு, பியாட்றிஸ் வாசலில் போய்க் காவல் நின்றாள். இருபத்தைந்து நிமிடம் அவள் ஒழுங்கையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஒரு நாயைத் தவிர ஒன்றும் வரவில்லை.

ஒழுங்கையின் கண்களையெல்லாம் யோசித்தவளுக்குத் தலைக்கு மேலே இருந்த கண் நினைவுக்கு வரவில்லை. இரண்டு வருடத்தில் அது மின்விசிறியைப் போலப் பழகிவிட்டது.

ஆறு மணிக்குக் குழுவில் படம் வந்தது. மண்டபத்தின் உட்பக்கம். ஆரணி எழுதுகிறாள், எதிரே கிறிஸ்ரினா துவாயால் கண்ணைத் துடைக்கிறாள். முகம் தெளிவாகத் தெரிந்தது. கீழே எமில்ராஜ் எழுதியிருந்தான்: "எங்கள் நிலையத்தில் அரச உத்தியோகத்தர் நேரடியாக வந்து மக்கள் சேவை. பெருமையாக இருக்கிறது உறவுகளே." பதினெட்டுப் பேர் கை கூப்பியிருந்தார்கள்.

பியாட்றிஸ் கண்டதும் போனை எடுத்தாள். எமில்ராஜை அழைத்தாள்.

"எமில், உதை அழி."

"ஏன் அக்கா? நல்ல விசயம்தானே. நான் வேலை இடத்திலை சாப்பாட்டு நேரம் பாத்தனான். எனக்குக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது."

"அழி எண்டா அழி. காரணம் கேளாதை."

"என்னக்கா, பிழையா ஏதும்..."

"கேளாதை எண்டனான்."

அழித்தான். அழித்த இடத்தில், ஒரு செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி நின்றது. அதற்குக் கீழே ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். என்ன அழிச்சனீங்கள் எமில்? நான் பாக்கேல்லை, திருப்பிப் போடுங்கோ. கிறிஸ்ரினாதானே அது? ஏன் அழுதவ? லண்டனில் இருக்கும் றயனின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒன்றும் எழுதவில்லை. ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தான்.

செவ்வாய் காலை பியாட்றிஸ் பேப்பர்களை மேசையில் விரித்துக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. றயன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். வாசிகசாலைக்குள் அவனை அவள் பத்து வருடத்தில் கண்டதில்லை. ஒரு பேப்பரை எடுத்து, கதிரையை இழுக்காமல் தூக்கி வைத்து இருந்தான்.

"சுகமோ அன்ரி?"

"ஓம் றயன்."

"அங்கிளின்ரை ஓட்டோ பிறேக் சரியில்லையாம். கவனமா ஓடச் சொல்லுங்கோ."

அவன் ஒரு பக்கத்தைத் திருப்பினான்.

"கிறிஸ்ரினாக்கா நேற்று இஞ்சை வந்தவவாம்."

"வந்தவ."

"அழுதவவாம். பாவம். என்ன அலுவல் அன்ரி?"

கடிதம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. கடிதத்துக்கு உத்தியோகத்தர் எதற்கு என்று அவன் அடுத்துக் கேட்பான். பியாட்றிஸ் விரித்த பேப்பரின் மடிப்பைக் கையால் நீவினாள்.

"பிள்ளையளின்ரை விபரம் எடுக்கினம். பள்ளிக்கூடம் போற பிள்ளையள் உள்ள வீடெல்லாம் வந்து பதியோணும். கிறிஸ்ரினா முதல் வந்தவ. புருசன்ரை விபரமும் கேட்டவை, அதுதான் அழுதவ."

"ஆ." அவன் யோசித்தான். "அப்ப மற்ற ஆக்களும் வருவினமோ?"

"வருவினம்."

"எப்ப?"

"வியாழக்கிழமை. நாலு மணிக்கு."

றயன் பேப்பரை எடுத்த மாதிரியே மடித்து வைத்தான். "நல்ல விசயம் அன்ரி. அண்ணையும் லண்டனிலை இருந்து கேட்டவர். வியாழக்கிழமை போனிலை பாக்கச் சொல்லுறன்."

அவன் போன பிறகுதான் அவள் தான் சொன்ன நாளை எண்ணிப் பார்த்தாள். வியாழக்கிழமை நாலு மணிக்கு மண்டபம் வெறுமையாக இருந்தால், அழுதுகொண்டு அங்கே இருந்தவள் கிறிஸ்ரினா ஒருத்திதான் என்றாகும். யன்னல் கண்ணாடி அவள் வீட்டில் இரண்டுதான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள்.

ஆரணியிடம் போனில் உண்மையைச் சொன்னாள். ஆரணி, "பிள்ளைகள் விபரப் படிவம் ஒண்டு உண்மையா இருக்கு அன்ரி. கொண்டு வாறன்," என்றாள்.

வியாழன் கமராவை நிற்பாட்டிவிட்டால் என்ன என்று நீக்கிலாப்பிள்ளை கேட்டான்.

"நிற்பாட்டினா, ஒளிக்கிறம் எண்டு நாங்களே சொன்ன மாதிரி ஆகாதோ?"

"அப்ப நீ ஒழுங்கையை முழுக்கக் கூப்பிடப் போறாய்."

"ஓம்."

"காரணம் சொல்லாமல்."

"ஓம்."

நீக்கிலாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். "என்ரை பிறேக்கைப் பற்றி அவனுக்கு ஆர் சொன்னது?" என்றான். அன்று மத்தியானமே ஓட்டோவைக் கராச்சுக்குக் கொண்டுபோனான். பிறேக்கில் ஒரு பிழையும் இல்லை என்றார்கள். அது அவனை இன்னும் கலக்கியது.

அவள் செவ்வாயும் புதனும் வீடு வீடாகப் போனாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் காயும் கொடியைப் பார்த்துப் படலையைத் தட்டினாள். "வியாழன் நாலு மணிக்கு நிலையத்துக்கு வாங்கோ. பிள்ளையளின்ரை விபரம் பதிய. ஆளுக்குக் கால்மணித்தியாலம்." அவ்வளவுதான் சொன்னாள். எந்தப் படலையும் முழுதாகத் திறக்கவில்லை. "பாப்பம்," என்றார்கள். "அண்டைக்குக் கிளினிக் இருக்கு," என்றார்கள். ஒருத்தி, "எங்கடை வீட்டிலை ஒண்டும் இல்லை அக்கா," என்றாள். என்ன இல்லை என்று பியாட்றிஸ் கேட்கவில்லை. இன்னொருத்தி, "குழுவிலை ஏதோ படம் வந்ததாம், என்ரை தங்கச்சி பிரான்சிலை இருந்து சொன்னவள்," என்று தொடங்கிவிட்டு, ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் நிறுத்தினாள்.

தையல்காரி ஞானாம்பிகை மட்டும் மெசினை நிற்பாட்டிவிட்டு எழும்பி வாசலுக்கு வந்தாள். பேரப்பிள்ளைகள் இருவர் அவளோடு இருக்கிறார்கள். முன்பு அந்த ரெலிபோன் கூண்டுக்குள் அதிகம் நின்றவள் அவள்தான்.

"பியாட்றிஸ், நான் ஒண்டு சொல்லட்டே? எனக்குக் காரணம் சொல்லாதை. சொன்னியெண்டா எனக்குப் பயம் வரும். பயம் வந்தா வரமாட்டன்."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"அதுதான் சொல்லுறன், சொல்லாதை."

வியாழன் நாலு மணிக்கு மண்டபத்தில் ஆரணியும் பியாட்றிசும் மட்டும் இருந்தார்கள். சுவரோடு பன்னிரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள். நடுவில் மேசை, அதன் முன்னால் ஒரு கதிரை, போன திங்கள் கிடந்த அதே இடத்தில். கமராவின் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. பாரிசில் மத்தியானம், யார் யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது. ஒழுங்கை முகப்பில், முன்பு கொமினிக்கேசன் இருந்த இடத்து மதகில் றயன் ஏறி இருந்தான். அவ்வளவு தூரத்திலும் அவன் கையில் போன் இருப்பது தெரிந்தது.

நாலேகாலாயிற்று. ஆரணி படிவங்களைத் தட்டி நேராக்கினாள். மறுபடி தட்டினாள்.

"வருவினமோ அன்ரி?"

"தெரியாது பிள்ளை."

நாலு இருபதுக்கு ஞானாம்பிகை வந்தாள். அளவுநாடா கழுத்தில் தொங்கியபடி இருந்தது. மெசினில் இருந்து நேரே எழும்பி வந்திருக்க வேண்டும். வந்தவள் மேலே கமராவை நிமிர்ந்து பார்த்து, "என்ரை தம்பி பாக்கிறானோ தெரியாது. டேய் பஞ்சலிங்கம், கொக்காவுக்கு ஒரு போன் எடு, மூண்டு மாசமாச்சு," என்றாள். சத்தம் கேளாது என்று பியாட்றிஸ் சொன்னாள். "கேளாட்டிலும் வாயைப் பாத்து விளங்கட்டும்," என்றுவிட்டு மேசை முன்னால் போய் இருந்தாள்.

அவள் தனியே நடந்து வந்ததைப் படலைகளின் இடுக்கால் மற்றவர்கள் கண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒருத்தி. பிறகு இரண்டு பேர் சேர்ந்து. தங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை என்றவளும் வந்தாள். எண்ணியபோது பதினொருவர். ஒழுங்கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடு பன்னிரண்டு. கிறிஸ்ரினாவின் கதவு சாத்தியிருந்தது.

முதல் இருவரும் பெயரும் பிறந்த தேதியும் சொல்லி எழும்பினார்கள். மூன்றாவதாக இருந்தவள் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். பியாட்றிஸ் வாசலில் நின்றாள். அங்கே சொல் கேட்கவில்லை. ஆனால் ஆரணியின் பேனை நின்றது தெரிந்தது. அந்தப் பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து கதைத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஆரணி படிவத்தைத் திருப்பி, வெறும் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

ஐந்தாவதாக வந்தவளும் அப்படியே குனிந்தாள். ஏழாவதாக வந்தவள் கதைக்கவே இல்லை; வெறுமனே இருந்து அழுதாள். எட்டாவதாக ஒன்றும் இல்லை என்றவள் இருந்தாள். அவள்தான் அதிக நேரம் எடுத்தாள். பிறகு வந்த மூவரில் இருவரும் மேசைமேல் குனிந்தார்கள்.

பியாட்றிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தியை மறைக்கப் பத்துப் பேர் வந்து இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தாள். இது அவள் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. கமராவில் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எவள் நடிக்கிறாள், எவள் சொல்கிறாள் என்று பிரித்துக்கொள்ள முடியாது. அவளுக்கே முடியவில்லை.

கடைசிப் பெண் எழும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. ஆரணி கடதாசிகளைப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தாள். சிப் இரண்டு தரம் இறுகியது.

"அன்ரி, அஞ்சு பேர். அஞ்சு பேரும் சொன்னது ஒரே பேர்."

"கிறிஸ்ரினாவோடை ஆறு."

"நான் இதை மேலிடத்துக்குக் குடுத்தே ஆகோணும். நாளைக்கே குடுப்பன். ஆனா, நாளைக்கு விடியிற மட்டும்..." அவள் முடிக்கவில்லை.

"நீர் போம் பிள்ளை. இருளமுன்னம் போம். எங்கையும் நிக்காதையும்."

ஸ்கூட்டி ஒழுங்கையால் போனது. மதகைத் தாண்டும்போது றயன் தலையசைத்து வழிவிட்டதைப் பியாட்றிஸ் கண்டாள். ஸ்கூட்டி பெரிய வீதியில் திரும்பி மறைந்தது. அதன் பிறகு அவன் மதகால் இறங்கி மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

முதலாவது வீட்டுப் படலையில் நின்றான். இறங்கவில்லை, கூப்பிடவில்லை. இயந்திரம் ஓடியபடி இருக்க, படலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே யாரோ யன்னலைச் சாத்தியது தெரிந்தது. பியாட்றிஸ் தன்னையறியாமல் எண்ணினாள். பத்து எண்ணியபோது அவன் நகர்ந்தான். அடுத்த படலை. பத்து. பிள்ளைகள் இல்லாத வீடுகளை விட்டுவிட்டு, மண்டபத்துக்கு வந்தவர்களின் வீடுகளில் மட்டும் நின்றான். ஞானாம்பிகையின் வீட்டில் மெசின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் நின்றபோதும் அது நிற்கவில்லை.

கிறிஸ்ரினாவின் வீடு எட்டாவது. அங்கேயும் நின்றான். ஆறு, ஏழு, எட்டு. உள்ளே விளக்கு எரியவில்லை. ஒன்பது. பத்து. நகர்ந்தான்.

மற்ற வாசல்களில் நின்ற அளவுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவனுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டில் எந்த வீடு சொன்னது என்று அவனால் பிரிக்க முடியவில்லை. பியாட்றிஸ் தோள்களை இறக்கினாள்.

அவன் மிச்ச வீடுகளிலும் நின்று நின்று வந்தான். வீடுகள் முடிந்தன. மோட்டார் சைக்கிள் நேரே வந்தது. வெளிச்சம் அவளுடைய பாதத்தில் விழுந்து, சேலையில் ஏறி, முகத்தில் நின்றது. நிலையத்தின் வாசலில் வந்து றயன் இயந்திரத்தை நிறுத்தினான். மற்ற வாசல்களில் அவன் அதை நிறுத்தியிருக்கவில்லை.

வேறு சத்தம் இல்லை. கடலேரித் தண்ணீர் கிட்டங்கிச் சுவரில் தட்டிக்கொண்டிருந்தது. அவன் இறங்கவுமில்லை, கதைக்கவுமில்லை. பத்தைத் தாண்டிய பிறகு பியாட்றிஸ் எண்ணுவதை விட்டாள்.